கசிவுநீர்க் கணக்கும் கணினியின் பழுது அறிக்கையும்

பழுதைக் காண்பவர் ஓரிடத்திலும் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்டவர் வேறோரிடத்திலும் இருக்கும் தொழில்களில், இருவருக்கும் இடையே செல்லும் எழுத்துக் குறிப்பே பழுதுக்குச் சாட்சியாகிறது. அக்குறிப்பில் விடுபட்டது பெரும்பாலும் மீட்க முடியாதபடி விடுபட்டுவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு ஆதாரமான முல்லைப் பெரியாறு அணை இப்படியொரு நிலையில்தான் இருக்கிறது. அணை நிற்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அதைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. அதன் நீரால் விளைவது கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்களின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் அதற்கப்பால் வைகைப் பாசனமும். அதன் உறுதியைப் பற்றி முடிவாகச் சொல்லும் பொறுப்போ தில்லியிலுள்ள மத்திய நீர்வள ஆணையத்திடமும் உச்ச நீதிமன்றத்திடமும் போய்ச் சேர்ந்தது. இந்த அணையின் கசிவுநீர்க் கணக்கு எழுதப்பட்ட விதத்தையும் படிக்கப்பட்ட விதத்தையும், முற்றிலும் வேறான ஒரு துறையில், உலகெங்கும் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள் எழுதும் கட்டற்ற மென்பொருளில், கணினிகள் தாமாகவே அனுப்பும் பழுது அறிக்கைகள் உருவான விதத்தோடு சேர்த்துப் படிக்க இடமிருக்கிறது. நேரில் பார்க்க முடியாத ஒருவர் பழுதைத் திரும்பவும் கண்முன் கொண்டுவரக் குறிப்பில் என்னென்ன இருந்தாக வேண்டும் என்ற கேள்வி இரண்டிலும் எழுந்தது.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளையின் காலத்திலேயே தோன்றியது என்றாலும், 1876–78 பஞ்சத்துக்குப் பிறகே அரசு அதில் உறுதியாக இறங்கியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அரசுச் செயலருக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. மறு ஆண்டு ஜான் பென்னிகுயிக் தலைமையில் தொடங்கிய வேலை முடிந்து, 1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அணையின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டுமானம். நடுவில் நிரப்பப்பட்டது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்தெடுத்த பொடி; சுண்ணாம்போடு சேரும்போது அது ஈரத்திலும் இறுகும் காரையைத் தருகிறது.

அதே 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று, பெரியாறு அணை திறக்கப்படுவதற்கு ஆறு மாதம் முன்பு, கிழக்கு பிரான்சின் பூஸே என்ற கல்லணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அணையின் எடையே நீரைத் தடுத்து நிறுத்தப் போதும் என்று அதுவரை கணக்கிட்டுவந்த பொறியாளர்கள், அடித்தளத்துக்குள்ளும் கட்டுமான இடுக்குகளுக்குள்ளும் புகும் நீர் அணையை மேல்நோக்கித் தூக்குகிறது என்பதையும், அந்த மேலுந்து விசை அணையின் எடையில் ஒரு பகுதியைப் பயனற்றதாக்கிவிடுகிறது என்பதையும் அந்த விபத்துக்குப் பிறகே தம் கணக்கில் முறையாகச் சேர்க்கத் தொடங்கினர். உள்ளே புகும் நீரைச் சேகரித்து வெளியேற்றவும் அளக்கவும் அணையின் வயிற்றுக்குள் நடைபாதை போன்ற வடிகால் கேலரிகள் அமைக்கும் வழக்கம் அதன்பின் பரவியது. பெரியாறு அணை அந்த அறிவுக்குச் சற்று முந்திய தலைமுறையைச் சேர்ந்தது. அதன் கேலரிகள் பிற்காலச் சேர்க்கை. ஆகவே அணையின் முதல் அரை நூற்றாண்டில் கசிவு என்பது முறையாக அளக்கப்படும் ஓர் எண்ணாக இருந்ததைவிட, பின்முகக் கல்லில் படரும் ஈரமாகவும் வெள்ளைப் படிவாகவும் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். காரையிலுள்ள சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுவதன் அடையாளம் அந்த வெள்ளைப் படிவு. அதற்கு மருந்தாக 1930களின் தொடக்கத்தில் அணையின் மேல்தளத்திலிருந்து துளையிட்டு சிமென்ட் கூழ் செலுத்தப்பட்டது; 1960களில் இன்னும் பெரிய அளவில் அதே வேலை நடந்தது.

1979 கசிவுக் குறிப்பின் வரலாற்றில் திருப்பமான ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்த செய்தி நாடெங்கும் அச்சத்தைப் பரப்பியிருந்த நிலையில், பெரியாறு அணையின் கசிவு பற்றிய செய்திகள் மலையாளப் பத்திரிகைகளில் அக்டோபரில் வெளிவந்தன. நவம்பர் 25 அன்று மத்திய நீர்வள ஆணையத் தலைவர் கே.சி. தாமஸ் இரு மாநிலப் பொறியாளர்களோடு கூடி ஆராய்ந்து, அணையைப் பலப்படுத்தும் வேலைகள் முடியும்வரை நீர்மட்டத்தை 136 அடியில் நிறுத்துவதென முடிவாயிற்று. மேல்தளத்தில் கான்கிரீட் மூடி, அணையை அடிப்பாறையோடு இழுத்துக் கட்டும் எஃகு வடங்கள், பின்முகத்தில் கான்கிரீட் முட்டு என வேலைகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. முழுக் கொள்ளளவு மட்டமான 152 அடிக்கும் 136 அடிக்கும் இடையிலான பதினாறு அடி நீர், தேனி மாவட்டத்துக்கும் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் எத்தனை போகம் என்பதைத் தீர்மானிக்கும் நீர். அதனால்தான் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் கசிவு என்ற எண் பள்ளத்தாக்கின் டீக்கடைகளிலும் பேசப்படும் எண்ணாயிற்று.

அந்த எண் தனியாக நிற்கும்போது எதையும் சொல்வதில்லை என்பதே இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியது. கல்லணை எதுவும் கசியும். தேங்கிய நீரின் உயரம் கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். 115 அடியில் வந்த கசிவையும் 140 அடியில் வந்த கசிவையும் அருகருகே எழுதி, பின்னது அதிகம் என்று சொல்வது பழுதைப் பற்றிய செய்தியாகாது. அதே 140 அடியில் சென்ற ஆண்டு எவ்வளவு, அதற்கு முந்தைய ஆண்டு எவ்வளவு என்று கேட்டால்தான் அது செய்தியாகும். குளிர்காலத்தில் கல்லும் காரையும் சுருங்கி இணைப்புகள் சற்றே விரிவதால் ஒரே மட்டத்திலும் கசிவு மாறக்கூடும் என்பதால் தேதி வேண்டும். பக்கவாட்டு மலைச்சரிவிலிருந்து மழைநீர் ஊறி வந்து கலக்கும் என்பதால் அன்றைய மழையளவு வேண்டும். மொத்தக் கசிவு மாறாமல் இருக்கும்போதே ஓரிடத்தில் குறைந்து இன்னோரிடத்தில் கூடியிருக்கலாம் என்பதால் எந்தக் கேலரியில், எந்தப் பகுதியில் அளந்தது என்பது வேண்டும். அளந்த முறையும் வேண்டும். அணைகளில் பொதுவாகக் கசிவுநீரைச் சிறு வாய்க்காலில் விட்டு, ‘வி’ வடிவ வெட்டுடைய தகட்டின் வழியே வழியச் செய்து, வெட்டில் நீர் நிற்கும் உயரத்தைப் படித்து, அதிலிருந்து அளவைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கின் இயல்பினால் உயரத்தைப் படிப்பதில் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால் நீரின் அளவில் ஏறத்தாழக் கால் பங்கு பிழை விளையும். எல்லாவற்றுக்கும் மேலாக நீர் தெளிவாக வந்ததா, கலங்கலாக வந்ததா, அதில் கரைந்த சுண்ணாம்பு எவ்வளவு என்பது வேண்டும். தெளிந்த நீர் நிறைய வருவதைவிடக் கலங்கிய நீர் கொஞ்சம் வருவது பொறியாளருக்கு அதிகக் கவலை தருவது.

நீர்மட்டத்துக்கு ஏற்ற அளவிலேயே கசிவு இருப்பதால் அணை பலமாக உள்ளது என்று தமிழக அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த வாக்கியத்தில் மேற்சொன்ன நியாயம் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் முடிவை மட்டும் தந்து, முடிவுக்கு அடிப்படையான வரிசையை எதிர்த்தரப்பின் முன் வைக்காதபோது, அது சான்றாக ஏற்கப்படாமல் ஒரு தரப்பின் கூற்றாகவே கேட்கப்பட்டது. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்ததும், மறு மாதமே கேரளச் சட்டமன்றம் அதைத் தடுக்கும் சட்டத்திருத்தம் கொண்டுவந்ததும், 2011இல் இடுக்கியில் உணரப்பட்ட நில அதிர்வுகளுக்குப் பின் இருபுறமும் அச்சமும் கோபமும் மூண்டு, அவ்வாண்டு டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் எல்லை ஊரான குமுளியை நோக்கி நடந்ததும் நம்பத்தக்க பொதுவான பதிவு ஒன்று இல்லாமையின் விளைவுகள் என்றே கொள்ள வேண்டும். நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான அதிகாரக் குழு 2012இல் அளித்த அறிக்கையின் வழியே, 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளச் சட்டத்திருத்தம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, 142 அடியை உறுதிசெய்து, மேற்பார்வைக்கென மூவர் குழுவை அமைத்தது. இரு மாநிலப் பொறியாளர்களும் இடம்பெறும் துணைக்குழு அதன்பின் அணைக்கு வந்து, பிரதான அணை, அதையொட்டிய சிறிய பேபி அணை, கேலரி, மதகுகள் என ஒவ்வொன்றாகப் பார்த்து, கசிவுநீரை எல்லோர் கண்முன்னும் அளக்கும் வழக்கம் ஏற்பட்டது. அளப்பவரும் சந்தேகிப்பவரும் ஒரே இடத்தில் நின்று ஒரே எண்ணை எழுதிக்கொண்டது, அதன் முந்தைய முப்பத்தைந்து ஆண்டுச் சச்சரவில் நடந்த எதையும்விடப் பயனுள்ள மாற்றம்.

மென்பொருள் உலகில் இதே சிக்கல் 1990களில் எழுந்தது. நிரலாளர் எழுதும் மூல நிரல் மனிதர் படிக்கத்தக்க எழுத்து வடிவில் இருக்கும். கம்பைலர் என்னும் கருவி அதைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும். இந்த மாற்றத்தையும் அதைச் சூழ்ந்த சோதனைகளையும் சேர்த்து பில்ட் என்பர். 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தில், ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் பொறுப்பாளர் தம் வீட்டுக் கணினியில் பில்ட் செய்து அனுப்புவதே முதலில் வழக்கம். இன்டெல் செயலி தவிர்த்த பிற செயலிகளுக்கும் டெபியன் விரிந்தபோது, அந்தக் கணினி பொறுப்பாளரிடம் இல்லாத நிலை வந்தது. மோட்டோரோலா 68000 குடும்பச் செயலிகளுக்காக ரோமன் ஹோடெக் 1990களில் உருவாக்கிய ஏற்பாட்டில், மூல நிரல் வந்ததும் கணினிகள் தாமாகவே அதை எடுத்து பில்ட் செய்து, வெற்றி தோல்வியைப் பதிந்தன. 1998 அளவில் மொசில்லா திட்டத்தின் டிண்டர்பாக்ஸ் என்னும் பலகை, எந்தக் கணினியில் பில்ட் தேறியது என்பதைப் பச்சையாலும் எதில் உடைந்தது என்பதைச் சிவப்பாலும் காட்டி, அந்நேரத்துக்குச் சற்றுமுன் நிரலை மாற்றியவர் யார் என்பதையும் உடன் காட்டியது. பழுதைக் காண்பவர் இப்போது மனிதரே அல்லர். சரிசெய்ய வேண்டியவரோ அந்தக் கணினியை வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை.

டெபியனில் இவ்வகைப் பழுது மூலத்திலிருந்து பில்ட் ஆகாமை என்ற பொருளில் தனி வகையாகப் பெயரிடப்பட்டு, பொதி வெளியீட்டில் இடம்பெறுவதையே தடுக்கும் கடுமையான பிழையாகக் கருதப்பட்டது. 2000களின் பிற்பகுதியிலிருந்து லூக்கா நுஸ்பாம், பிரான்சின் கிரிட்5000 ஆய்வுக் கணினித் தொகுதியையும் பின்னர் வாடகை மேகக் கணினிகளையும் கொண்டு முழுக் களஞ்சியத்தையும் அவ்வப்போது மறுபடி பில்ட் செய்து, உடைந்தவற்றுக்கெல்லாம் அறிக்கை பதிந்துவந்தார். இன்று அக்களஞ்சியத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மூலப் பொதிகள் உள்ளன. இத்தனையையும் ஒரே வீச்சில் சோதிக்கும்போது அறிக்கையின் அமைப்பே முறையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. ஏனெனில் பெறுபவர் சம்பளம் பெறாத தன்னார்வலர், அவர் ஒதுக்கக்கூடியது ஒரு மாலைப்பொழுதின் ஒரு பகுதியே.

அனுபவத்தில் தேறிய அறிக்கையில் முதலில் நிற்பது பொதியின் பெயரும் துல்லியமான பதிப்பும். அடுத்தது பில்ட் நடந்த சூழல்: எந்தச் செயலி, எந்தக் கம்பைலர், அதன் எந்தப் பதிப்பு, உடன் நிறுவப்பட்டிருந்த துணைப் பொதிகள் ஒவ்வொன்றின் பதிப்பு. 2020இல் வெளிவந்த ஜிசிசி 10 கம்பைலர், பல கோப்புகளில் ஒரே பெயரில் மாறியை வரையறுப்பதை அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த வழக்கத்தைக் கைவிட்டபோதும், 2024இல் ஜிசிசி 14 பழைய சி நிரல்களின் சில தளர்வுகளை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியபோதும், ஒரு வரியும் மாறாத நிரல்கள் ஏராளமாக உடைந்தன. கம்பைலரின் பதிப்பு எழுதப்படாத அறிக்கை, நீர்மட்டம் எழுதப்படாத கசிவு எண்ணுக்கு நிகரானது. ஒவ்வொரு புதிய ஜிசிசி வரும்போதும் அது வழக்கக் கம்பைலர் ஆவதற்கு முன்பே மத்தியாஸ் க்ளோஸ் டெபியனில் பதிந்துவந்த அறிக்கைகள், அக்கம்பைலரைப் பெறும் வழியையும் மாற்றங்களை விளக்கும் கையேட்டின் இருப்பிடத்தையும் சொல்லின. முன்கூட்டி வந்த அறிக்கை என்பதால் பொறுப்பாளருக்கு அவகாசமும் கிடைத்தது.

அடுத்து வருவது பிழைச் செய்தி. பில்ட் நடக்கும்போது கணினி எழுதும் லாக் பல்லாயிரம் வரிகள் நீளக்கூடும். அதன் கடைசி வரி வேலை நின்றுவிட்டது என்பதை மட்டுமே சொல்லும், நின்றதற்கான காரணம் சில நூறு வரிகள் மேலே புதைந்திருக்கும். ஆகவே முதல் பிழையும் அதன் முன்பின் சில வரிகளும் அறிக்கைக்குள்ளேயே இருக்க வேண்டும். முழு லாக் தனியே பாதுகாக்கப்பட்டு, ஆண்டுகள் கழிந்தும் திறக்கத்தக்க இடத்தில் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று மட்டும் போதாது. பகுதி மட்டும் இருந்தால், எந்திரம் தவறான பகுதியை வெட்டியிருக்கும்போது சரிபார்க்க வழியில்லை. முழு லாக்கின் இணைப்பு மட்டும் இருந்தால், அந்த இணைப்பு செத்த நாளில் அறிக்கையும் செத்துவிடுகிறது.

இவற்றுக்கு நிகராக முக்கியமானதும் பெரும்பாலும் விடுபடுவதும், தோல்வி மறுபடியும் நேர்ந்ததா என்ற தகவல். பல கூறுகளை ஒரே நேரத்தில் தொகுக்கும்போது, ஒன்று முடியுமுன் மற்றொன்று அதைத் தேடினால் பில்ட் ஒருமுறை உடையும், அடுத்தமுறை தேறும். நினைவகம் போதாமல் உடைவதுண்டு. சோதனைக் கோப்புகளில் வைத்திருந்த சான்றிதழ் காலாவதியான நாளிலிருந்து உடைவதுண்டு. பில்டின்போது இணையத்தைத் தேடுவது டெபியன் நெறிகளில் தடுக்கப்பட்டிருப்பதால், பொறுப்பாளரின் வீட்டில் தேறுவது பில்ட் கணினியில் உடைவதுண்டு. எண்ணின் பைட்டுகளை எதிர்வரிசையில் அடுக்கும் ஐபிஎம் பெருங்கணினிச் செயலியில் மட்டும் உடைவதுண்டு. எத்தனை செயலிக் கருக்களோடு, எவ்வளவு நினைவகத்தோடு, எந்தத் தேதியில், இணையத்தோடா இல்லாமலா, எத்தனை முறை முயன்று எத்தனை முறை உடைந்தது என்ற விவரங்கள் இல்லாவிட்டால், பொறுப்பாளர் தம் கணினியில் முயன்று பார்த்து, இங்கே சரியாக ஓடுகிறது என்று எழுதி அறிக்கையை மூடிவிடுவார். பழுது அப்படியே இருக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்காக இன்டெல் நிறுவனத்தில் ஃபெங்குவாங் வூ உருவாக்கிய ஜீரோ டே சோதனை எந்திரன் இந்தக் கலையை மேலும் நகர்த்தியது. கெர்னலின் ஆயிரக்கணக்கான விருப்பத் தேர்வுகளைக் குலுக்கல்போல் சேர்த்தும் அது பில்ட் செய்வதால், தேர்வுகள் அடங்கிய கோப்பு ஒவ்வொரு அறிக்கையோடும் இணைக்கப்படுகிறது. எந்தக் கிளை, எந்த மாற்றம், எந்தக் கம்பைலர், பழுதை மறுபடி உண்டாக்கத் தர வேண்டிய கட்டளைகள் ஆகியவை வரிசையாக எழுதப்படுகின்றன. பில்ட் கடைசியாகத் தேறிய நிலைக்கும் உடைந்த நிலைக்கும் இடையிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, உடைத்த ஒரு மாற்றத்தையே அது கண்டுபிடித்துவிடுவதால், அறிக்கை அம்மாற்றத்தை எழுதியவரின் கைக்கே நேராகப் போகிறது. பெரியாறு அணைப் பொறியாளர் அதே 140 அடியில் சென்ற ஆண்டு எவ்வளவு என்று தேடுவதும் இதே தேடல்தான். கடைசியாகச் சரியாக இருந்த நிலை எது என்பதைச் சொல்லாத பழுதுக் குறிப்பு தேடும் பரப்பைச் சுருக்க உதவுவதில்லை. ஒரே மூல நிரலிலிருந்து யார் பில்ட் செய்தாலும் அதே விளைவு வர வேண்டும் என்று 2013இல் டெபியனில் தொடங்கிய மீள்பில்ட் முயற்சி, பில்ட் நடந்த சூழலின் முழுப் பட்டியலையும் தனிக் கோப்பாக ஒவ்வொரு பொதியோடும் சேர்த்து வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது; பழுது நேர்ந்த பிறகு சூழலை நினைவுகூர்வதற்குப் பதில், பழுது இல்லாத நாளிலும் சூழலைப் பதிந்துவைப்பதே இதன் சிறப்பு.

டெபியனின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் கூடியது. பெரியாறு அரபிக்கடலை அடையும் வட்டாரம் அது. அதே ஆற்றின் மேற்பகுதியிலும் இப்போது எந்திரங்கள் எழுதும் குறிப்புகளின் காலம் தொடங்குகிறது. 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், அணைகளில் கருவிகள் பொருத்தி அளவுகளைப் பதிய வேண்டும் என்றும், வானிலை, நில அதிர்வு நிலையங்கள் அமைக்க வேண்டும் என்றும் அணை உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநிலத்தில் இருந்தால் அதன் பாதுகாப்பைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே கவனிக்கும் என்றும் விதிக்கிறது. 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்த ஆணையம் முழுமையாகச் செயல்படத் தொடங்கும்வரை அதன் அதிகாரங்களைப் பெரியாறு மேற்பார்வைக் குழு பயன்படுத்தலாம் என்று உத்தரவிட்டது.

கருவி தானாக எழுதும் எண் மனிதர் எழுதும் எண்ணைவிட அடிக்கடி வரும், வேகமாக வரும். சூழல் சேர்க்கப்படாவிட்டால் அது அச்சத்தையும் அடிக்கடி, வேகமாகப் பரப்பும். தேனி மாவட்டப் பத்திரிகைப் பதிப்புகளில் அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் வெளியேற்றமும் மழையளவும் நாள்தோறும் அச்சாகின்றன. கசிவுநீர் பெரும்பாலும் குழு வரும் நாளில் மட்டும் தலைகாட்டுகிறது. நாள்தோறும் அச்சாகும் அந்த வரியிலேயே கசிவுநீரின் அளவும், அளந்த இடமும், அதே நீர்மட்டத்தில் முந்தைய ஆண்டுகளில் வந்த அளவும், நீர் தெளிவா கலங்கலா என்பதும் தமிழிலும் மலையாளத்திலும் சேர்ந்து வெளிவருமானால், கூடலூரில் முதல் போகத்துக்கு நாற்றங்கால் போடும் விவசாயியும், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றின் கரையில் குடியிருப்பவரும் ஒரே கணக்கைப் படித்து, அதைப் பற்றிய கேள்வியை உரிய பொறியாளரிடம் கேட்க முடியும்.